உலா வரும் திருமேனிகள்

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே பரந்து கிடக்கும் சமவெளியில் தெய்வ வடிவங்கள் இரு வகையாக விளங்குகின்றன. ஒரு வகை, இருந்த இடம் விட்டு அசையாதது. மற்றொரு வகை, அசைவதற்கென்றே ஆக்கப்பட்டது. நாமக்கல் நகரின் நடுவே ஒற்றைப் பாறையாக எழுந்து நிற்கும் குன்றின் இரு புறங்களையும் குடைந்து, எட்டாம் நூற்றாண்டில் அதியர் குலத்தார் நரசிங்கப் பெருமானுக்கும் அரங்கநாதருக்கும் இல்லம் அமைத்தனர். அதியேந்திர விஷ்ணுகிருகம் என்னும் பெயரை அங்குள்ள கல்வெட்டுத் தருகின்றது. அக்குகையின் சுவர்களில் உலகளந்த திருவடியும், நிலமகளை ஏந்திய வராகமும், இரணியன் மார்பைப் பிளக்கும் நரசிங்கமும் பாறையோடு பாறையாக நிற்கின்றன. ஏறத்தாழ 1,200 ஆண்டுகளாக அவை அங்கேயே இருக்கின்றன. குன்றைப் பெயர்த்தாலன்றி அவற்றைப் பெயர்க்க ஒண்ணாது.

இனி, நாமக்கல்லுக்கு மேற்கே திருச்செங்கோட்டுக்குச் செல்வோம். அங்கே மலைமேல் கோயில் கொண்டுள்ள மாதொருபாகனும், செங்கோட்டு வேலவரும், ஆதிகேசவப் பெருமாளும் வைகாசி விசாகத் திருவிழாவில் மலையினின்றும் இறங்கி ஊருக்குள் எழுந்தருளுகின்றனர். தேரேறி வீதிகளில் வலம் வருகின்றனர். கருவறையில் நிற்கும் மூலவர் இறங்குவதில்லை. அவர் பொருட்டு இறங்கி வருவது உலோகத்தால் வார்த்த உலாத் திருமேனி. படியேற இயலாத முதியோரும், நோயுற்றோரும், வயலில் வேலையாய் இருப்போரும் தத்தம் வீதியிலேயே இறைவனைக் காணுமாறு செய்தது இத்திருமேனியே. எல்லாத் தெருக்களுக்கும் அவ்வுலா சென்றதில்லை என்பதும், சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டம் வரும்வரை பலருக்குக் கோயில் வாயில் அடைபட்டே கிடந்தது என்பதும் வரலாறு மறைப்பதற்கில்லாத உண்மைகள். ஆயினும், தெய்வம் மக்களை நாடி வெளியே வரவேண்டும் என்ற எண்ணம் தமிழகத்தில் மிகப் பழையது. அந்த எண்ணத்தின் உலோக வடிவமே செப்புத் திருமேனி.

எடுத்துச் செல்லத் தக்கது என்பதே இத்திருமேனியின் பெருமை. அதுவே அதற்கு நேர்ந்த ஆபத்தும் ஆகும். அன்பர் தோளில் ஏறி வீதிக்கு வரக்கூடியது, கள்வர் கையில் ஏறிக் கடல் கடந்தும் போகக்கூடும், போயும் இருக்கின்றது. அவ்வாறு போனதை மீட்டுக் கொண்டுவரக் காவலும் பூட்டும் மட்டும் உதவவில்லை. அதனைப் பற்றி நாம் எழுதி வைத்திருந்த குறிப்பும், நம் கண்ணுக்கு இருந்த பயிற்சியுமே உதவின. இதனை விளக்குவதே என் நோக்கம்.

முதலில் உலோகத்தைப் பற்றிச் சில சொற்கள். நாம் வீட்டுப் பூசையறையில் வைத்திருக்கும் சிறு வடிவங்கள் பெரும்பாலும் பித்தளையால் ஆனவை. செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது பித்தளை. பொன்போல் மஞ்சளாக ஒளிர்வது. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது வெண்கலம். சோழர் காலத்துத் திருமேனிகளில் செம்பே மிகுதி. வெள்ளீயமும் காரீயமும் சிறிதளவு கலந்திருக்கும். பொன்னும் வெள்ளியும் துளியளவு சேர்த்து ஐம்பொன் என்று வழங்குவது மரபு. கல்வெட்டுகள் இவற்றைச் செப்புத் திருமேனி என்றே குறிக்கின்றன.

சேலத்தை அடுத்த கஞ்சமலையில் இரும்புக் கனிமம் நிறைந்துள்ளது. இரும்பை உருக்கும் தொழிலும் இந்நாட்டில் பழமையானதே. அவ்வாறிருக்க, தெய்வ வடிவங்களை இரும்பால் ஏன் வார்க்கவில்லை என்று ஒரு மாணவர் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. செம்பை உருக்கும் வெப்பத்தைவிட மிக அதிக வெப்பம் இரும்பை நீராய் உருக்கத் தேவை. அன்றியும், இரும்பில் ஏறும் துரு உதிர்ந்து உதிர்ந்து உள்ளிருக்கும் உலோகத்தை மேன்மேலும் தின்கின்றது. செம்பில் ஏறும் களிம்போ, தூய காற்றில் ஒரு மெல்லிய போர்வைபோல் படிந்து உள்ளிருப்பதைக் காக்கின்றது. உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பிற் களிம்பைச் சைவ சித்தாந்திகள் உவமையாகக் கூறினர். அவர்களுக்குக் களிம்பு நீங்கவேண்டிய மாசு. தொல்பொருள் அறிஞர்க்கோ அது பெரும்பாலும் காக்கவேண்டிய போர்வை. இந்த வேறுபாட்டைப் பின்னர்க் காண்போம்.

மேட்டூரைக் கடந்து பள்ளிபாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் என நம் சமவெளியின் ஓரமாக ஓடுகின்ற காவிரி, கீழே சோழ நாட்டை அடைந்து, குடந்தைக்கு அருகே சுவாமிமலையில் மிக நுண்ணிய வண்டலைப் படியவைக்கின்றது. அவ்வண்டலே அங்குள்ள ஸ்தபதிகளின் மூலதனம். அவர்கள் தேன்மெழுகில் குங்கிலியத்தையும் எண்ணெயையும் கலந்து பதப்படுத்தி, திருமேனியை முதலில் மெழுகில் ஆக்குகின்றனர். அதன்மேல் வண்டலை மெல்லெனப் பூசி உலர்த்துகின்றனர். பிறகு மணல் கலந்த மண்ணைக் கனமாக அப்பிக் கம்பி கட்டுகின்றனர். வறட்டித் தீயில் அதனைச் சுட, மெழுகு உருகித் துளைவழியே வடிந்து விடுகின்றது. வெறுமையான அவ்விடத்தில் உருக்கிய உலோகத்தை வார்க்கின்றனர். ஆறிய பின் மண் கருவை உடைத்தால் திருமேனி வெளிப்படும். மெழுகு நீரினும் இலேசானது. உலோகமோ நீரைப்போல் எட்டு ஒன்பது மடங்கு கனமானது. ஆதலின் மெழுகை நிறுத்துப் பார்த்தே எவ்வளவு உலோகம் வேண்டும் என்று கணக்கிட்டனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடநூல் இவ்வார்ப்பு முறையை விரித்துரைக்கின்றது.

இங்கே ஒரு செய்தியை நினைவில் இருத்துங்கள். மெழுகு வடிந்து போயிற்று. கருவும் உடைந்து போயிற்று. ஆகவே ஒரு திருமேனிக்கு அச்சான இரட்டை பிறப்பதில்லை. விரல் நுனியின் வளைவு, வார்ப்பில் நேர்ந்த சிறு வடு, உளியால் திருத்திய கோடு ஆகியவை அந்த ஒன்றுக்கே உரியவை. மனிதர்க்குக் கைரேகை எப்படியோ, திருமேனிக்கு இவை அப்படி.

கைரேகை ஒருவரை மற்றொருவரினின்றும் பிரிக்கின்றது; பெயரோ அவர் யாரென்று சொல்கின்றது. திருமேனியின் பெயரைச் சொல்வன அதன் அடையாளங்கள். இவற்றைச் சிற்ப நூலார் இலக்கணமாக வகுத்தனர். முகத்தின் நீளத்தை ஒரு தாளம் என்றும், அதனைப் பன்னிரண்டு அங்குலம் என்றும் கொண்டனர். இந்த அங்குலம் அடிக்கோலின் அங்குலம் அன்று. செய்யப்படும் திருமேனியின் உயரத்தையே பகுத்துப் பெறும் கூறு. சிவனுக்கும் திருமாலுக்கும் 124 கூறு. உமைக்கும் திருமகளுக்கும் 120 கூறு என்பது விதி. இன்றும் ஸ்தபதி ஒருவர் தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்து இக்கூறுகளைக் குறித்துக் கொள்வதைக் காணலாம். கை அகலத் திருமேனியானாலும் ஆள் உயரத் திருமேனியானாலும் விகிதம் மாறுவதில்லை.

அளவு உடலைத் தந்தது. கைகள் பொருளைத் தந்தன. கூத்தப் பெருமானின் உடுக்கை படைத்தலையும், அமைந்த கை காத்தலையும், தீ ஒடுக்குதலையும், முயலகன்மேல் ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும் என்று உண்மை விளக்கம் முதலிய சைவ நூல்கள் உணர்த்துகின்றன. ஆனந்த குமாரசாமி 1912ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையால் இவ்விளக்கம் உலகறிந்ததாயிற்று. அப்பெருமானின் காதுகளைக் கண்டிருக்கின்றீர்களா? ஒரு காதில் ஆடவர் அணியும் குழை. மற்றொன்றில் மகளிர் அணியும் தோடு. திருச்செங்கோட்டில் முழுவதுமாய் நிற்கும் மாதொருபாகத் தத்துவம், இங்கே இரு காதணிகளில் சுருங்கி நிற்கின்றது.

மாதொருபாகன் வடிவத்தையே உலோகத்தில் காண விரும்புவோர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் செல்லவேண்டும். சோழ நாட்டுத் திருவெண்காட்டில் மண்ணுக்குள் கிடைத்த பதினோராம் நூற்றாண்டுத் திருமேனி அங்கே உள்ளது. அதற்கு மூன்று கைகள். வலப்புறத்து ஆண் பாதிக்கு இரண்டு. இடப்புறத்துப் பெண் பாதிக்கு ஒன்று. நான்கு கைகள் உடைய இறைவனும் இரு கைகள் உடைய இறைவியும் ஓருடலில் பாதி பாதியாய்க் கலந்தால் கைகளும் அவ்வாறுதானே அமையும்! சிற்பி கணக்குப் பார்த்திருக்கின்றான்.

சில வேளைகளில் அடையாளம் இல்லாமையே அடையாளம் ஆகின்றது. திருவெண்காட்டிலேயே கிடைத்துத் தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கும் இடபவாகனர், 1011ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றவர். அவர் சாய்ந்து நின்ற காளை இப்பொழுது இல்லை. கை மட்டும் ஒன்றுமில்லாத வெளியின்மேல் இயல்பாய்ச் சாய்ந்திருக்கின்றது. அக்கையைக் கண்டவர் காளையைக் காண்கின்றார். இராமபிரானின் செப்புத் திருமேனியிலும் வில் தனியே செய்து பொருத்தப்படுவதாதலின் காலப்போக்கில் தவறி விடுவதுண்டு. உயர்த்திய இடக்கையின் மடங்கிய விரல்களைக் கொண்டே, அது வில்லேந்திய கை என அறிகின்றோம். பீடத்தின் பக்கங்களில் உள்ள வளையங்களும் துளைகளும் வெற்று வேலைப்பாடு அல்ல. உலாவுக்கு எடுத்துச் செல்லும்போது தண்டும் கயிறும் செருகுவதற்கானவை. அவற்றைக் கண்டதும், இது வீதியைக் கண்ட திருமேனி என்று சொல்லிவிடலாம்.

இவ்வாறு படிக்கத் தெரிந்தவர்கள், படித்ததை எழுதியும் வைத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசனும், அவன் தமக்கை குந்தவையும், தேவியரும், அதிகாரிகளும் அளித்த திருமேனிகளைப் பற்றி அக்கோயிற் சுவர்களே பேசுகின்றன. இன்ன திருமேனி, முழக்கோலால் அளக்க இத்தனை முழம், இத்தனை விரல் உயரம், இத்தனை திருக்கைகள், இன்ன பீடம் என்று ஒவ்வொன்றும் குறிக்கப்பட்டுள்ளது. அவற்றுக்கு அணிவித்த பொன் ஆடவல்லான் என்னும் கல்லாலும், மணிகள் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன. அக்குறிப்பில் கண்ட திருமேனிகளுள் இன்று கோயிலில் எஞ்சியிருப்பன மிகச் சிலவே. செம்பு மறைந்தது, எழுத்து நிலைத்தது.

அண்மைக் காலத்தில் இழந்தவற்றைப் பற்றியும் கேளுங்கள். தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த சிவபுரத்தில் 1951ஆம் ஆண்டில் நிலத்தடியிலிருந்து ஒரு கூத்தப் பெருமான் திருமேனியும் வேறு சிலவும் கிடைத்தன. பழுது பார்ப்பதற்காக அத்திருமேனி வெளியே அனுப்பப்பட்டது. திரும்பிக் கோயிலுக்கு வந்தது புதிதாக வார்த்த போலி. உண்மையானது கைமாறிக் கடல் கடந்தது. அன்பர்கள் போலியையே வணங்கிவந்தனர். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்து அறிஞர் டக்ளஸ் பாரெட், சோழர் தொடக்ககாலச் செப்புத் திருமேனிகளைப் பற்றி 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், கோயிலில் இருப்பது போலி என்று எழுதினார். அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் அறநிலையத்தார் வாங்கி வைத்திருந்த அத்திருமேனி, வழக்குக்கும் உடன்பாட்டுக்கும் பின் 1986ஆம் ஆண்டில் தாயகம் திரும்பியது. பயின்ற கண் ஒன்று பார்த்திராவிட்டால் அத்திருட்டு நடந்ததே தெரிந்திராது.

பத்தூர் என்னும் சிற்றூரின் கதை இன்னும் வியப்பானது. அங்கே பாழடைந்த கோயில் ஒன்றன் அருகில் 1976ஆம் ஆண்டில் மண்ணைத் தோண்டிய தொழிலாளி ஒருவருக்கு ஆடவல்லான் திருமேனி கிடைத்தது. பலர் கைமாறி இலண்டன் சென்ற அதனை 1982ஆம் ஆண்டில் அந்நகரக் காவலர் கைப்பற்றினர். அங்கே நடந்த வழக்கில், இடிந்து கிடந்த அக்கோயிலையே வழக்குத் தொடுக்க உரிமையுள்ள ஒருவராக ஆங்கில நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதே இடத்தில் பின்னர்க் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு இதனை ஒப்பிட்டும், ஒட்டியிருந்த மண்ணை ஆராய்ந்தும், இவையெல்லாம் ஒரே கோயிலுக்கு உரியவை என்று அறிஞர் நாகசாமி முதலானோர் சான்று கூறினர். 1991ஆம் ஆண்டில் ஆடவல்லான் தமிழகம் வந்து சேர்ந்தார்.

அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலிலிருந்து களவாடப்பெற்ற கூத்தப் பெருமானை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கியது. 1955ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், ஊர் ஊராகச் சென்று கோயில்களையும் திருமேனிகளையும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட படங்களாக எடுத்துச் சேமித்திருந்தனர். அவற்றுள் சிறீபுரந்தான் பெருமானின் படமும் இருந்தது. 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் அத்திருமேனியும், விருத்தாசலத்து மாதொருபாகன் கற்சிலையும் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. படம் எடுக்கப்படாத திருமேனி களவு போனால், அது இன்ன ஊரினது என்று உலகின் எந்த அவையிலும் நிறுவுதல் அரிது.

இனி, பேணும் முறைக்கு வருவோம். வீட்டில் உள்ள புதிய பித்தளை வடிவங்களைப் புளியிட்டுத் துலக்குவது நம் தாய்மார் வழக்கம். புளியில் உள்ள அமிலம் களிம்பைக் கரைக்கின்றது, பித்தளை பளிச்சிடுகின்றது. ஆனால் புளியை நெடுநேரம் ஊறவிட்டால் அமிலம் துத்தநாகத்தையும் அரித்து, மேற்பரப்பில் செம்பு மட்டும் சிவப்பாய் எஞ்சும். செங்கற்பொடியால் அழுத்தித் தேய்த்தால் மூக்கும் விரலும் ஆண்டுக்காண்டு மழுங்கும். புளியோடு உப்பும் சேர்த்துத் தேய்ப்பது இன்னும் தீது. மடிப்புகளில் தங்கிவிடும் உப்பு, ஈரத்தோடு சேர்ந்து வெளிறிய பச்சைப் பொடியாய்ப் பூத்து, உலோகத்தைத் தொடர்ந்து தின்னும். எனவே துலக்கியதும் நல்ல நீரில் நன்கு கழுவி, மெல்லிய துணியால் இடுக்குகளிலும் ஈரம் போகத் துடைத்து, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தல் வேண்டும்.

பழந்திருமேனிகளுக்கோ புளியும் வேண்டா, பொடியும் வேண்டா. அவற்றின்மேல் படிந்துள்ள கரும்பச்சை நிறப் போர்வை பல நூற்றாண்டுகளின் சேமிப்பு. அதனைத் தேய்த்துப் போக்கினால் காப்பும் போகும். பீடத்தில் பொறித்த எழுத்தும் போகும். அது எந்த மண்ணில் கிடந்தது என்னும் சான்றும் போகும். வெளிறிய பச்சைப் பொடி பூப்பதைக் கண்டால் அது நோய். அதற்கு மருத்துவர் வேண்டும். சென்னை அருங்காட்சியகத்தில் இதற்கெனவே 1930ஆம் ஆண்டில் வேதியியல் ஆய்வுக்கூடம் ஏற்பட்டது. அங்கே பரமசிவன் என்னும் அறிஞர் மின்னாற்றலைக் கொண்டு இந்நோயைப் போக்கும் முறையைக் கையாண்டார். கோயில் மரபிலும் ஓர் அறிவு பொதிந்துள்ளது. ஆடவல்லானுக்கு ஆண்டில் ஆறு நாள்களே திருமுழுக்கு. சமய நோக்கில் அமைந்த அவ்வரையறை, திருமேனியின் தேய்வையும் குறைத்திருக்கின்றது.

சட்டமும் தன் பங்கைச் செய்திருக்கின்றது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிற்பங்களைப் பதிவு செய்தல் கடமை; தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்புதல் குற்றம். தமிழகக் காவல் துறையில் 1983ஆம் ஆண்டு முதல் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு என ஒரு பிரிவு இயங்கி வருகின்றது. ஆயினும் சிற்றூரில் விளக்கெரியாத கோயில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காவலரை நிறுத்துதல் இயலாது. அவ்வூர் மக்களே காவலர். அவர்தம் நினைவே முதற்பூட்டு.

இவ்விடத்தில் மாணவர்களிடம் நான் ஒரு பணியை ஒப்படைக்க விரும்புகின்றேன். உங்கள் ஊர்க் கோயிலில் உற்சவ நாளன்று திருமேனியைக் காண்பீர்கள். கும்பிட்ட கையோடு கூர்ந்தும் பாருங்கள். பெயர் என்ன? நிற்கின்றதா, அமர்ந்துள்ளதா, ஆடுகின்றதா? கைகள் எத்தனை, ஒவ்வொன்றிலும் என்ன? காதணி எது? பீடம் வட்டமா, சதுரமா, தாமரையா. அதில் எழுத்து உண்டா? எங்கேனும் வடு உண்டா? இவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, நாளும் இடமும் இடுங்கள். கோயில் அலுவலரின் இசைவு பெற்று, உயரத்தையும் கேட்டறிந்து சேருங்கள். படம் எடுக்க இசைவு கிடைத்தால் நாற்புறமும் எடுங்கள். அப்படி ஒன்றைக் கோயில் அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள்; மற்றொன்று உங்கள் பள்ளியில் இருக்கட்டும்.

எழுதி முடித்தபின் அப்பட்டியலைத் தஞ்சைச் சுவரில் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர், உயரம், திருக்கைகள், பீடம் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த கணக்கர் வெட்டுவித்த அதே வினாக்களுக்கு நீங்களும் விடை எழுதியிருப்பீர்கள். அவர் அளந்து குறித்தவற்றுள் பெரும்பாலானவை நமக்குக் கிடைக்காமற் போயின. நீங்கள் குறிப்பவை இன்னும் உங்கள் ஊரில் இருக்கின்றன.